அரம் பட்ட பல்லுறை

"இதை யார் தேய்ச்சது?"

பல் மருத்துவர் அந்தப் பிளாஸ்டிக் உறையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூக்கத்தில் பல்லைக் கடித்தாலும் பல் தேயாமல் இருக்க, மாட்டிக்கொண்டு படுக்கச் சொல்லி அவர் செய்து கொடுத்த உறை அது.

நாற்காலியில் சாய்ந்திருந்த சாவிக்கடைக்காரன் கூரையைப் பார்த்தான். "நான்தான் டாக்டர். வலப்பக்கம் கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. சாவி சிக்கினா அரத்தால ரெண்டு இழுப்பு இழுப்போம்ல, அந்த மாதிரி..."

"ரெண்டோட விட்டீங்களா?"

"சரியா உட்காரலை. அப்புறம் இடப்பக்கம். மறுபடி வலப்பக்கம்."

மூலையில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "விட்டா என் பல்லுக்கும் மாத்துச்சாவி போட்டுடுவார்!"

மருத்துவர் சிரிக்கவில்லை. "உறை ஒரு பக்கம் மேடா நிக்குது. கடிக்கிற அழுத்தம் மொத்தமும் ஒரே கடைவாய்ப்பல்லுல இறங்கியிருக்கு. ஏற்கெனவே தேஞ்சு தட்டையான பல். இப்ப விரிசலும் விட்டாச்சு. அதான் தண்ணி பட்டா சுரீர்ங்குது. நல்லவேளை, ஆழமா போகலை. மேல மூடி போட்டுக் காப்பாத்திடலாம். உறையைப் புதுசாத்தான் செய்யணும்."

பல் போனால் போகட்டும் என்றிருந்தது அவனுக்கு. கல்யாணமான மறுமாதமே அவள் படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டாள். தன் பல் நறநறக்கும் சத்தம் தாங்காமல்தான் போனாள் என்று நினைத்து, அவளைத் திரும்ப வரவைக்கத்தான் இந்த வைத்தியத்துக்கே வந்தான். உறை வந்தும் அவள் வரவில்லை. கச்சிதமாகப் பொருந்தினால் சத்தம் அறவே நின்றுவிடும் என்று அரத்தை எடுத்துவிட்டான்.

மருத்துவர் பசை நிரப்பிய தட்டை அவன் வாய்க்குள் வைத்து அழுத்தினார். "அச்சு இறுகுற வரைக்கும் பேசக்கூடாது." பிறகு அவளிடம் திரும்பினார். "இன்னும் ஹால்லதான் படுக்கிறீங்களாம்மா? சத்தம் தாங்கலைன்னு சொன்னாரே?"

"சத்தமா? எங்கப்பா விடுற குறட்டைக்கு முன்னாடி இது தாலாட்டு டாக்டர்."

"ஆ?" என்றான் கணவன்.

"இவர் தூங்கினாத்தானே சத்தம் வரும்! நான் முழிச்சிடுவேனோன்னு மரக்கட்டை மாதிரி விறைச்சுக்கிட்டுக் கிடப்பார். விடிஞ்சா தலைவலி, தாடைவலி. நான் இல்லைன்னா நிம்மதியா தூங்குவாரேன்னுதான் வெளிய போனேன். வான்னு ஒரு வார்த்தை கூப்பிடுவார்னு பார்த்தேன். கூப்பிடவே இல்லை. தனியா இருக்கிறதுதான் பிடிச்சிருக்கு போலன்னு..." அவள் குரல் இறங்கியது.

"ஆ... ஆ..." அவன் கைகள் இரண்டும் காற்றில் ஆடின.

"அசையாதீங்க சார், அச்சு கலைஞ்சிடும்!"

"விடுங்க டாக்டர். இவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை."

மருத்துவர் இப்போது சிரித்துவிட்டார். "சத்தம் வந்துடுமேன்னு பயந்து பயந்து படுத்தா தாடை இன்னும்தான் இறுகும். பகல்லயும் பாருங்க, வேலை மும்முரத்துல கடிப்பார். வாய் மூடியிருக்கலாம், பல்லோட பல் படக்கூடாது."

தட்டு வெளியே வந்த அடுத்த நொடி அவன் எழுந்து உட்கார்ந்தான். "இன்னைக்கு உள்ள வந்து படு."

"சத்தம் வருமே?" சீண்டினாள்.

"வரட்டும். நீ பக்கத்துல இருந்தா போதும்."

அச்சைக் கழுவுகிற சாக்கில் மருத்துவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அவன் மீசையில் ஒட்டியிருந்த பசையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"முதல்ல வாயைக் கொப்பளிங்க. வீட்டுக்குப் போகலாம்."