இரும்பு இடுப்புக்காரியின் வேண்டுதல்

1

“அத்தே, எங்கம்மா இரும்பு எலும்போட உருண்டா சாமி ஒத்துக்குமா?”

1991இல், திருவேற்காட்டிலிருந்து ஆவடி போகும் பேருந்தில் ஒரு சிறுமி கேட்டாள். அத்தை ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சுசீலாவின் இடுப்புக்குள் ஒரு நண்டு மெல்ல…’

அடித்துவிட்டேன். வலிக்குப் பூச்சூட்டுவது பாவம். விஷயம் இது. டேங்க் பேக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கும் கஜபதியின் மனைவி சுசீலாவுக்கு இடுப்பெலும்பில் புற்று. இடுப்பு மூட்டை அறுத்தெடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று பொருத்தினார்கள். கால் தப்பியது. இனித் தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, புரளக் கூடாது. மூட்டு கழன்றுவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆனால் ஆபரேஷனன்று கஜபதியின் தங்கை கஸ்தூரி அம்மனிடம் வேண்டியிருந்தாள்: அண்ணி பிழைத்தால் அவளே வந்து பிராகாரத்தைச் சுற்றி உருளுவாள்.

(பிழைக்க வேண்டிய உடம்பையே காணிக்கையாகச் சொல்லிவிடுவது நம் வழக்கம். அதற்குள் இரும்பு வரும் என்று யார் கண்டார்கள்?)

3

கஸ்தூரியை நல்லவளாக எழுதப் பார்த்தேன். பிடிகொடுக்கவில்லை. சுசீலாவின் நெஞ்சு எக்ஸ்ரேயில், புற்று அங்கும் பரவியதோ என்னும்படி, ஒரு நிழல் தெரிந்த அன்று அவள் பேசியது:

“வேண்டுதல் பாக்கி கீது அண்ணி. ஆத்தா சும்மா உடுமா?”

“வாயக் குடுத்தது நீ. இடுப்பு என்னுது.”

“சேர் போட்டு குந்திக்கினு சோறு துன்றே மவராணி. ஆத்தாளுக்குன்னா மட்டும் இடுப்பு நோவுதா?”

சுசீலா மகளை (பேருந்தில் கேட்ட சிறுமி இவள்தான்) பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். “வர்ற வெள்ளிக்கெழம உருள்றேன். கழண்டா கழண்டுட்டுப் போவுது. இவளுக்காவது நான் இருக்கணும்.”

கஸ்தூரி இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

4

முடிவு ஒன்று: சுசீலா உருள்கிறாள், பாதியில் மூட்டு…

கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: நிழல் மறைகிறது. அது என் அதிகாரத்தில் இல்லை.

மூன்று: வியாழக்கிழமை, கோயிலில் சொல்லிவைக்கப் போன கஸ்தூரி, சிறுமியோடு அந்தப் பேருந்தை விட்டு இறங்கி நேராக அண்ணி வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“பூசாரியக் கேட்டுகினு வந்தேன். இரும்பு வச்சவங்க உருளத் தேவையில்லியாம். வெளக்கு போட்டா போதுமாம். தப்பிச்சே போ.”

“நெஜமாவா?”

“ஒனக்கோசரம் பொய் வேற சொல்வாங்களா?”

அவள் பூசாரியிடம் அப்படி எதுவும் கேட்கவே இல்லை. (பொய்க்குத் துணைபோவது என் வழக்கமல்ல. இதை மட்டும் அடிக்கக் கை வரவில்லை.)

5

நிழல் என்ன ஆனது என்று எழுதமாட்டேன். அடுத்த எக்ஸ்ரேயை நீங்களே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

அதன்பின் வந்த ஒரு புதன்கிழமை. அடைமழை. பிராகாரத்தில் ஆளே இல்லை. கஸ்தூரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்தரையில் படுத்தாள். “அண்ணி பேருக்கு” என்றாள். உருண்டாள். புரளும்போதெல்லாம் இடுப்பெலும்பு கல்லில் இடித்தது. யாரும் பார்க்கவில்லை. உனக்கெப்படித் தெரியும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

சேறும் நொண்டலுமாக வீட்டுக்கு வந்தவள், பஸ் ஸ்டாண்டில் வழுக்கிவிட்டது என்றாள்.

சுசீலா சேரில் இருந்தபடியே தைலத்தை எட்டி எடுத்து நீட்டினாள். “ரெண்டு இடுப்பும் நல்லா வச்சிகினு உழுந்து வார்றியே, வெக்கமா இல்ல ஒனக்கு?”

கஸ்தூரி தைலத்தை வாங்கிக்கொண்டாள்.