நாகேஸ்வரி பார்க்காத கடைசிக் காட்சி

கொக்குவில் ஸ்டேஷனடி வீடியோக் கடைக்குள் நாகேஸ்வரி அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கால் வைத்தாள். 'மேல்மாடி மர்மம்' கசெற் இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்காரச் சோமசேகரம் சிரித்துவிட்டான்.

“அம்மா, உது பேசும்படம் வந்த புதிசிலை எடுத்தது. ஸ்ரூடியோ எரிஞ்சு சுருளெல்லாம் சாம்பலாப் போச்சாம். இந்தியாவிலையே ஒரு பிரதி இல்லை.”

அவள் வெளியே வந்தாள். தை மாதம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து கணவர் கந்தப்பு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அந்தப் படத்தைக் காட்டினாலாவது வாய் திறப்பார் என்று நம்பியிருந்தாள். தலையாட்டி முடிக்கிற கேள்விகளை விட்டுவிட்டு, அவருக்குச் சொல்ல ஆசையான ஒன்றைக் கேட்கச் சொல்லியிருந்தார் டாக்குத்தர்.

அவருக்குச் சொல்ல ஆசையானது ஒன்றுதான் உண்டு.

கலியாணம் முடித்த வருசம் யாழ்ப்பாணப் பட்டணத்தில் அந்தப் படம் ஓடியது. மேல்மாடியில் ஜமீன்தார் குத்துப்பட்டுக் கிடக்கிறார். தம்பி, வைத்தியர், சமையற்காரன் மூவர் மேலும் சந்தேகம். துப்பறிபவர் உண்மையைச் சொல்ல எழும்பும் நேரம் பார்த்து, பிள்ளைத்தாய்ச்சி நாகேஸ்வரிக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வந்தது. கந்தப்பு அவளை மாட்டுவண்டியில் இருத்திவிட்டு, முடிவைப் பார்க்க உள்ளே ஓடிவிட்டார். அவர் வாயால் அந்த முடிவைக் கேட்பதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு சண்டை வரும்போதெல்லாம், “குத்தினது ஆர் எண்டு சொல்லட்டே?” என்பார். அவள் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். ஐம்பது வருசம்.

வீட்டுக்கு வந்தும் கேட்க வாய் வரவில்லை. கிணற்றடிவரை ஒருக்கால் போய்த் திரும்பினாள். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“இஞ்சாருங்கோ, ஜமீன்தாரைக் குத்தினது ஆர்?”

கந்தப்பு அவளையே பார்த்தார். கோணிய உதடு அசைந்தது. காற்றுத்தான் வந்தது.

“சமையற்காரனே?”

இல்லையென்று தலையாட்டினார்.

“தலையாட்டக் கூடாது. சொல்லுங்கோ.”

கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றி வியர்த்தது. அவள் குனிந்து கிட்டப் போனாள்.

“நா...” என்றார். மூச்சை இழுத்துக்கொண்டார். “நா...ளைக்கு.”

நாகேஸ்வரி துள்ளி எழும்பினாள். அவருடைய வாயின் இடப்பக்கம் மட்டும் சிரித்தது.

“பார், இந்த மனுசன்ரை கொழுப்பை” என்று தொடங்கியவளுக்குக் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் பெலத்து ஏசினாள். வண்டியில் தனியே விட்டுப் போனதிலிருந்து வரிசையாக.

பக்கத்து வளவில் உடுப்புத் தோய்க்கும் சத்தம் நின்றது. கிடுகு வேலிக்கு மேலாகப் பத்மாவதியின் தலை மெல்ல எழும்பியது.