பெருசைத் திருப்பி அனுப்பிய கதை

1

இந்தக் கதை எனக்கு ஒரு டர்போவால் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடுவில் எங்காவது மாட்டிக்கொள்வேன். இதில் வரும் மாப்பிள்ளை என் கணவர். மாமனார் என் அப்பா. மகள் என்று ஒருத்தி வருவாள், அது நான்தான். 'நான்' என்று எழுதினால் நியாயம் என் பக்கம் சாய்ந்துவிடும் என்று என்னைப் படர்க்கையில் தள்ளி வைத்திருக்கிறேன். முக்கியமான காட்சி நடந்தபோது நான் அந்த அறையில் இல்லை. இரண்டு பேரும் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

சில தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'வளைவில் கார் சுழன்றபோது அவர் நினைத்தது மனைவியின் முகத்தை...' பொய். அவர் நினைத்தது கிளட்சை. கேட்டுவிட்டேன்.

'காற்று என்பது என்ன? மூச்சு என்பது என்ன?' எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

'அந்த வீட்டில் இரண்டு பெருசுகள் இருந்தன.' இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கதை மொத்தத்தையும் ஒரே வரியில் போட்டு உடைத்துவிடுகிறது. [அடித்தேன். பிறகு நீங்களும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று விட்டுவைத்தேன்.]

2

மாப்பிள்ளை காது கேளாதவர்களுக்கு மெஷின் பொருத்துகிறவர். சத்தம் புகாத சின்ன அறைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, "இப்ப கேக்குதா? இப்ப?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். விடுமுறை வந்தால் பந்தயத் தடத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். யாரோடும் போட்டி இல்லை, என் நேரத்தோடுதான் எனக்குப் போட்டி என்பார். பின்னால் வருகிற கார் முந்திப் போகும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

(அவரை வங்கி அதிகாரி ஆக்கிவிடலாமா என்று யோசித்தேன். காது வேலை இந்தக் கதைக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது, யாரும் நம்ப மாட்டார்கள். என்ன செய்வது, அவர் வேலையே அதுதான்.)

காரின் டர்போ ஓய்ந்து போயிருந்தது. தெரியாதவர்களுக்காக: என்ஜின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழலும். அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், வலு கூடும். அவ்வளவுதான் சங்கதி. பழையதில் அச்சு ஆட்டம் கண்டு, எண்ணெய் கசிந்து, கார் நீலப் புகை விட்டுக்கொண்டு ஓடியது. மாற்றத்தான் போகிறோம், கொஞ்சம் நல்லதாகவே மாற்றுவோம் என்று மாப்பிள்ளை முடிவு செய்தார். அதோடு அவருடைய நிம்மதி போயிற்று.

ஒர்க்‌ஷாப்காரருக்கு விசில் என்று பேர். எந்த டர்போ எப்படிச் சத்தம் போடும் என்று வாயாலேயே ஊதிக் காட்டுவார். அவர் மேசையில் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் நத்தை ஓடு மாதிரித்தான் இருந்தன. ஒன்று சின்னது, ஒன்று பெருசு.

"பெருசே போடுங்க டாக்டர். மேல போகப் போகத்தான் அதோட ஆட்டம் தெரியும்."

"கீழ?"

"கீழ கொஞ்சம் தூங்கும்."

"எவ்ளோ தூங்கும்?"

விசில் ஊதிக் காட்டினார். வெறும் காற்று, மறுபடியும் வெறும் காற்று, பிறகு கடை முழுக்க அதிர்கிற மாதிரி ஒரே ஊளை.

சின்னதை அவர் ஊதிக் காட்டியபோது உடனே சத்தம் வந்தது, ஆனால் கடைசியில் இழுத்துக்கொண்டு அடங்கிவிட்டது. மாப்பிள்ளை ஓட்டுகிற தடத்தில் நேர்ச்சாலை குறைவு, கொண்டை ஊசி வளைவுகள்தான் அதிகம். அங்கே சீக்கிரம் விழித்துக்கொள்கிற டர்போதான் வேலைக்கு ஆகும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தடத்துக்கு வருகிற மற்றவர்கள் எல்லாரும் பெருசு போட்டிருந்தார்கள். பானெட்டைத் திறந்து காட்டும்போது சின்னதாக ஒன்று உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்?

"இது என்னோட பழைய கார்ல கிடந்ததுதான். போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க," என்றார் விசில். "சரிப்படலன்னா திருப்பி அனுப்பிடுங்க."

3

ஓட்டிப் பார்த்தார். நேர்ச்சாலையில் பெருசு பிய்த்துக்கொண்டு போயிற்று. இதுவரை தன்னை முந்தியவர்களை எல்லாம் அவர் முந்தினார். கடைசி வளைவில் பாதி திரும்பியதும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் மிதித்தார், அப்போதும் வரவில்லை. மூன்றாம் தடவை காலை அழுத்துவதற்குள் கேட்டது கேட்காதது எல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்தது. பின்சக்கரம் வழுக்கி, கார் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு ஜல்லியில் இறங்கி, டயர் அடுக்குக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

மகள் பார்வையாளர் படிகளில் உட்கார்ந்திருந்தாள். [இங்கே அவள் மனநிலையைப் பற்றி ஒரு பெரிய பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அவளுக்கு உயிரே போய்விட்டது, அவ்வளவுதான்.]

மாப்பிள்ளை கதவைத் திறந்து இறங்கிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள்.

4

இனி மாமனார். வாழ்நாள் முழுக்க ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தவர். மனைவி போன பிறகு தனி வீட்டில் தனியாக இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதும் மகள் போய், மறுபேச்சுக்கு இடம் கொடுக்காமல், பெட்டியோடு அழைத்து வந்துவிட்டாள். கார் நிறுத்துகிற இடத்தை ஒட்டிய கீழறையைக் கொடுத்தாள். இடுப்பு சரியாகி வெகுநாளாயிற்று. அவர் குளிக்கப் போனால் மகள் கதவுக்கு வெளியே நிற்பாள். தண்ணீர் கேட்பதற்கு முன்னால் டம்ளர் வந்துவிடும். அவள் எங்கே இருந்தாலும் ஒரு காதைக் கீழறையில் வைத்துவிட்டுத்தான் இருப்பாள்.

அவருக்குக் காது மந்தம். அதையும் மாப்பிள்ளையே சரி செய்தார். இருப்பதிலேயே நல்ல மெஷினாகப் பார்த்துப் பொருத்தினார். பக்கத்து அறையில் தாள் புரட்டினால்கூட மாமாவுக்குக் கேட்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை மாப்பிள்ளை காருக்குப் பக்கத்தில் நின்று விசிலோடு போனில் பேசினார். கீழறையின் ஜன்னல் திறந்திருந்தது, இவர் பேசியது மட்டும் உள்ளே கேட்டது.

"இல்லண்ணே, பெருசு நமக்கு சரிப்பட்டு வராது." "எந்திரிக்கவே அவ்ளோ நேரம் எடுத்துக்குது. நமக்கு வேணும்கற நேரத்துல வராது, வேணாம்கற நேரத்துல வந்து நிக்குது." "அவ ரொம்ப பயந்துட்டாண்ணே. வாய விட்டு சொல்லல, ஆனா எனக்குத் தெரியுது." "ஆமா, பழைய எடத்துக்கே திருப்பி அனுப்பிடலாம்."

இதில் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. அப்பாவுக்கு இது அட்சரம் பிசகாமல் மனப்பாடமாக இருக்கிறது. தொழில் புத்தி.

5

அந்த அறையில் என்ன நடந்தது?

அப்பா சொல்வது: நான் அமைதியாகச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். கணவர் சொல்வது: உங்கப்பா பாடிக்கொண்டே பெட்டி கட்டினார். [பிரதியின் ஓரத்தில் அப்பாவின் குறிப்பு: நான் பாடவில்லை. முணுமுணுத்தேன்.]

மாப்பிள்ளை கதவருகே நின்றார். கட்டிலில் பெட்டி திறந்திருந்தது.

"என்ன மாமா இது?"

"உங்கள எதுக்கு சங்கடப்படுத்தணும் மாப்ள. நானே கெளம்பிடறேன். நீங்க பேசினது கேட்டுச்சு."

மாப்பிள்ளைக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ மாமா, அது டர்போ. கார்ல போடறது. பெரிய டர்போவத்தான் பெருசுன்னு சொன்னேன்."

மாமனார் மடித்த சட்டையைக் கையில் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்தார். "டர்போவா?"

"சத்தியமா மாமா."

"அனுப்புறது கூட பரவால்ல மாப்ள. என்னை அஃறிணையில பேசிட்டீங்களேன்னுதான் ஒரு மாதிரி இருந்துச்சு. 'எடுத்துக்குது, வந்து நிக்குது'ன்னு." அவர் சிரித்தார், மாப்பிள்ளையும் சிரித்தார். சிரித்து ஓய்ந்த பிறகு மாமனார் கேட்டார்: "அப்ப, அனுப்பப் போறதில்லயா?"

மாப்பிள்ளை பிழைப்பதே காதை வைத்துத்தான். வந்து உட்காருகிறவர் 'கேக்குது' என்று சொல்கிற விதத்திலேயே கேட்கவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். மாமாவின் கேள்வி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"மாமா, உங்களுக்கு வீட்டுக்குப் போகணுமா?"

மாமனார் சட்டையை இன்னொரு முறை மடித்தார். "அவகிட்ட எப்படிச் சொல்றது மாப்ள? அவ்ளோ பாசமா பாத்துக்கறா. மூச்சு விட்டாகூட ஏம்ப்பா மூச்சு விடறீங்கன்னு ஓடி வந்து கேக்குறா."

6

இதற்கு மேல் கதை பல வழிகளில் போகலாம். அப்பா மனம் மாறி எங்களோடே தங்கிவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். எழுதிக்கொண்டே அழுதேன், அதனாலேயே கிழித்துப் போட்டேன். அவர் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிடுவதாக இன்னொன்று. எங்கள் வீட்டில் யாருக்கும் அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

நடந்தது இதுதான். மகள் ஃப்ரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தட்டுகள் எல்லாம் தரையில் பரப்பிக் கிடந்தன. இரண்டு ஆண்களும் சமையலறை வாசலில், பரீட்சையில் கோட்டை விட்டவர்கள் மாதிரி வந்து நின்றார்கள். அப்பா மாப்பிள்ளையின் முழங்கையை இடித்தார். மாமா என்று சொல்ல வாயெடுத்த மாப்பிள்ளை, காலையிலிருந்து சொல்லிப் பழகியதையே சொல்லித் தொலைத்தார்.

"பெருச திருப்பி அனுப்பிடலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

"அப்பாடா," என்றாள் மகள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இப்பவாவது தோணுச்சே."

"உனக்கு வருத்தமில்லயே அம்மாடி?" என்றார் அப்பா.

"எனக்கென்னப்பா வருத்தம். அது வந்ததுலேருந்து என் உசுரு என்கிட்ட இல்ல. அது அது இருக்க வேண்டிய எடத்துல இருந்தாத்தான் எல்லாருக்கும் நிம்மதி."

அப்பா நீளமாக மூச்சு விட்டார். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்துகொண்டார். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று இருவருக்கும் முகமெல்லாம் மலர்ச்சி. கொஞ்ச நேரத்தில் அப்பா பெட்டியோடு வாசலுக்கு வந்தார். அப்போதுதான் மகளுக்கு, அதாவது எனக்கு, எந்தப் பெருசு என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் வாயைத் திறந்து, ஐயோ நான் டர்போவைச் சொன்னேன்ப்பா என்று சொல்லவில்லை. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கலைக்க மனசு வரவில்லை. அவரை அணைத்துக்கொண்டேன், பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

7

சின்னது பொருத்தியாயிற்று. வளைவில் மிதித்த மாத்திரத்தில் இழுக்கிறதாம். நேர்ச்சாலையில் இன்னமும் இவரை முந்துகிறார்கள், போகட்டும் என்கிறார். நான் படிகளில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். அப்பா வீட்டுக் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்து, வழுக்காத தரை போட்டுவிட்டோம். எதிர்வீட்டு முடிதிருத்துகிறவரோடு செய்தித்தாளை வைத்து அவர் போடுகிற சண்டை போனில் எனக்குக் கேட்கிறது. குரலே மாறிவிட்டது. என் காதும் கீழறையிலிருந்து என்னிடம் திரும்பி வந்துவிட்டது.

முடிவு எழுதாமல் இந்தப் பிரதியை அப்பாவுக்குத்தான் முதலில் அனுப்பினேன். சிவப்பு மையில் பக்கத்துக்குப் பக்கம் ஒற்று போட்டுத் திருப்பி அனுப்பினார். சமையலறைக் காட்சியில், 'அப்பாடா' என்ற இடத்துக்குக் கீழே, நான் ஒரு வரி எழுதி அடித்திருந்தேன்:

[அதைச் சொன்னபோது என் மனதில் டர்போ மட்டும் இல்லை.]

அடித்த அந்த வரிக்கு அடியில் அப்பா வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதியிருக்கிறார். அச்சகத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: அடித்தது தப்பு, வரி அப்படியே நிற்கட்டும். ஆனால் வீட்டில், நான் எதையாவது கீழே போட்டு உடைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கும்போதும் அப்பா இதே சொல்லைத்தான் சொல்வார்.

எந்த இருக்கட்டும் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அந்த வரியைச் சேர்த்துப் படிப்பதோ விட்டுவிட்டுப் படிப்பதோ உங்கள் இஷ்டம். எனக்கு இப்போது மனசு லேசாக இருக்கிறது, நான் போய் அப்பாவுக்கு ஒரு போன் போடப் போகிறேன்.