சரிக்காவின் தலையணை

சரிக்கா தன் தூக்கத்தைத் தங்கைக்குக் கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. தலையணைக்குள் வைத்து, உறையின் வாயைத் தைத்து, பிரிந்துவிடாமல் இரட்டை முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். எங்கள் தெருவில் இது பெரிய விஷயமில்லை. மருந்துக்கடைக்காரர் சாப்பாடு இறங்காத மகனுக்குத் தன் பசியைக் கொடுத்துவிட்டு, இன்றைக்கும் காற்றைக் குடித்துக்கொண்டு தெம்பாகத்தான் நடமாடுகிறார். கொடுக்கிறவர் வாயால் சரி என்று சொல்ல வேண்டும், திரும்ப வேண்டுமென்றால் அவரே வாய் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான் முறை. இதில் முதல் பாதி சரிக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டாம் பாதி வாயில் நுழையவே நுழையாது.

அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். கடைவீதி முனையில், பெருத்தவர்களுக்குப் பிரித்தும் இளைத்தவர்களுக்குப் பிடித்தும் துணி தைத்துக் கொடுக்கிற ஆல்ட்டரேஷன் கடை அவளுடையது. குடை கேட்டவருக்குக் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வருவாள். குழாயடியில் தன் முறையைக் கொடுப்பாள். பக்கத்துக் கடைக்காரர் சாமான் வைக்க ஓரமாகக் கொஞ்சம் இடம் கேட்டார். இப்போது அந்த ஓரத்தில்தான் அவளுடைய தையல் மெஷின் இருக்கிறது, மற்ற இடமெல்லாம் அவருடைய சாமான். நல்லவள் என்று எல்லோரும் சொன்னோம். சொல்வதற்கென்ன, நமக்கு அதில் லாபம்தானே.

தங்கைக்கு அப்போது கைக்குழந்தை. விடிய விடிய அழுகை, காலையில் ஆபீஸ், கண்ணெல்லாம் கருவளையம். பெரியவள் மனசு கேட்கவில்லை. ஆனால் கொடுக்கும்போது ஒன்று சொன்னாள். செத்துப்போன அவள் கணவர் அந்தத் தூக்கத்துக்குள்தான் இருந்தார். படுத்தால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிடுவார். அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமாவை நான் பாத்துக்க மாட்டேனாக்கா” என்றாள்.

அதன்பின் சரிக்கா கண்ணை மூடவில்லை. ஊர் பரிதாபப்பட்டது என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. எப்படியும் முழித்துக்கொண்டுதானே இருக்கிறாய் என்று ஆளுக்கொரு மூட்டைத் துணியைக் கொண்டுவந்து போட்டோம். அவள் மெஷின் ஓயாமல் ஓடியது. ஒரே ஆறுதல், ஞாயிறுதோறும் தங்கை கொண்டுவரும் சேதி. மாமா வந்தார், உன்னை விசாரித்தார், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்பாள். சரிக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வரை தைப்பாள். கைக்குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போனது. தூக்கம் திரும்பி வரவில்லை. குழந்தை இன்னும் முழித்துக்கொள்கிறது என்றாள் தங்கை. சரி என்றாள் அக்கா.

ஒருநாள் தங்கையின் ஆபீஸ் மேனேஜரம்மா கோட்டைப் பிரித்துத் தைக்க வந்தார். கைகளைத் தூக்கி நின்று அளவு கொடுத்தபடி, நன்றாகத் தூங்குவதால்தான் உடம்பு பூசிவிட்டது என்று சிரித்தார். முன்பெல்லாம் பொட்டுத் தூக்கம் கிடையாதாம். ஆபீஸ் பெண் ஒருத்தி எங்கிருந்தோ ஒரு தலையணை வாங்கிவந்து கொடுத்தாளாம். தங்கமான பெண்ணாம், அந்த வருஷமே அவளுக்குப் பதவி உயர்வு போட்டுக் கொடுத்தாராம்.

“ஒரே ஒரு தொல்லைம்மா. கனவுல ஒரு ஆளு நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிறாரு. தினமும் ஒரே கேள்வி. கேஸை மூடிட்டியான்னு. நான் சமைக்கிறதே இல்லை, எனக்கு எப்படித் தெரியும்?”

அளவு நாடா சரிக்காவின் கையிலிருந்து நழுவியது. இருபது வருஷக் குடித்தனத்தில் படுக்கப் போகுமுன் அவர் கேட்ட ஒரே கேள்வி அது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று அந்த மனுஷர் ஒருநாளும் சொன்னதில்லை. ஞாயிறுதோறும் வந்த சேதி அத்தனையும் தங்கை உட்கார்ந்து யோசித்துச் சொன்னது. 

கேட்கப் போனபோது தங்கை கொஞ்சமும் அசரவில்லை.

“நீதானேக்கா சரின்னு சொன்ன? குடுத்த பொருளை நான் யாருக்குக் குடுத்தா என்ன? உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் மாமா விசாரிச்சாருன்னு சொன்னேன்.”

சரிக்கா வீடு திரும்பி மெஷின் முன்னால் உட்கார்ந்து, முடியாது என்று சொல்லிப் பழகினாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு சத்தம் வந்தது, மெஷின் சத்தத்தில் அமுங்கிப்போனது. மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள். மறுநாள் காலை ஒருவர் நாலு பேண்ட்டைப் போட்டுச் சாயங்காலம் வேண்டும் என்றபோது, அந்தச் சொல் வெளியே வந்துவிழுந்தது. ஃபேன் நின்றது. பக்கத்துக் கடை சாமான்கள் கிடுகிடுவென்று ஒரு அடி பின்னால் நகர்ந்தன. பேண்ட்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, சரிங்க, நாளைக்கு வர்றேன் என்று போய்விட்டார். ஃபேன் மறுபடி சுற்றியது. இவ்வளவுதானா என்று சரிக்காவுக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் தங்கை ஏமாற்றியதில் தன் வாய்க்கும் பங்கு உண்டு என்று தோன்றியது.

மேனேஜரம்மா கோட்டை வாங்க வந்தபோது, தலையணை தன்னுடையது, திரும்ப வேண்டும் என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் பேரம் பேசினார். வாரத்தில் பாதி நாளாவது என்றார். அந்த ஆளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், தூக்கத்தை மட்டும் விடுங்கள் என்றார். சரிக்கா முடியாது என்றாள். ஒவ்வொரு முறையும் சாமான்கள் பின்னால் நகர்ந்தன. கடைசியில் பக்கத்துக் கடைக்காரர் வந்து அவற்றை அள்ளிக்கொண்டு போனார்.

தலையணையைத் தங்கையின் கையிலேயே கொடுத்தனுப்பினார் மேனேஜரம்மா. தங்கை அதை மார்போடு அணைத்தபடி கடைவாசலில் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பதவி போய்விடும் என்றாள். இந்த வருஷம் மட்டும் என்றாள். சரிக்கா அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“முடியாதும்மா. குடு.”

தங்கை கொடுத்தாள். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வரவில்லை.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தலையணையின் முடிச்சைப் பிரித்து, சரிக்கா கடையிலேயே படுத்தாள். உறையில் வேறொருவரின் சென்ட் வாசனை இருந்தது. கண் அசந்தபோது, அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே கேட்டார்.

“என்னையும் சேர்த்துத்தானே குடுத்துட்ட. ஒரு வார்த்தை கேட்டியா?”

அவள் தங்கையைச் சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. அந்த நாற்காலிக்காரரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அவளும்தான்.

“இனிமே யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன்” என்றாள்.

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.  பிறகு, கேஸை மூடிட்டியா என்று கேட்டார். சரிக்கா விழித்து, ஷட்டரைத் தூக்கி, வீடுவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி படுத்தாள். மூடித்தான் இருந்தது என்று அவரிடம் சொன்னாள்.