டாக்டர் ராவிய பற்கள்

வேலை நாளில் அண்ணன் தானாகப் போன் செய்கிறான் என்றால் ஒன்று யாராவது செத்திருக்க வேண்டும், இல்லை, அவன் எதிலாவது மாட்டியிருக்க வேண்டும். குரலைக் கேட்டதுமே இரண்டாவதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குரலில் பணிவு இருந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் குரலில் அவள் பணிவைக் கேட்டதில்லை.

"பிஸியா இருக்கியாம்மா?"

"ஒரு ஆந்தைக்குக் கட்டுப் போட்டுட்டு இருக்கேன். சொல்லு."

"கொஞ்சம் கிளினிக் பக்கம் வந்துட்டுப் போயேன். உங்க ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்ல வேணாம். நீ மட்டும் வா. பின்வாசல் வழியா."

"என்ன வெச்சிருக்க?"

அண்ணன் அந்தப் பக்கம் யாரிடமோ கதவைச் சாத்தச் சொன்னான்.

"அண்ணா, என்ன வெச்சிருக்க?"

"சின்னதா ஒரு முதலை," என்றான், சமையலறையில் எலி வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

விலங்கு மீட்பு மையத்தில் அவளுக்கு இது பத்தொன்பதாவது வருடம். ஸ்கூட்டருக்குள் புகுந்த பாம்பு, லிஃப்டில் மாட்டிக்கொண்ட குரங்கு, ஏசி பெட்டிக்குப் பின்னால் குட்டி போட்ட மரநாய் என்று நகரம் முழுக்க அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அதிலெல்லாம் அவளுக்கு வருத்தமே இல்லை. பாம்புக்கு வேறு போக்கிடம் கிடையாது, புகுந்துவிட்டது. எரிச்சல் வருவது வேறு வகை ஆட்களைப் பார்த்தால்தான். கடல் தாண்டி வந்த ஜீவன்களை வாங்கி வீட்டில் பவிசுக்கு வைத்துக்கொள்கிறவர்கள். பாலைவனத்து நரிக்குட்டியை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டியே முடி கொட்டவைத்த நகைக்கடைக்காரர். மலைப்பாம்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுப் படம் எடுத்துவிட்டு, அது துவண்டுபோனதும் தலையணை உறையில் திணித்து மையத்தின் கேட்டில் மாட்டிவிட்டுப் போன ஜிம் முதலாளி. உறையில் ஒரு சீட்டு வேறு குத்தியிருந்தான்: 'அன்போடு பார்த்துக்கொள்ளவும்.' இவர்கள் எல்லோருமே கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டு, "நாங்க இதைப் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தோம் மேடம்" என்பார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளை நினைத்தால்தான் அவளுக்குக் கவலையாக இருக்கும்.

அண்ணன் மீது இருந்தது அதைவிடப் பழைய கசப்பு. குழந்தைகளுக்கான பல் டாக்டர் என்று ஊரில் அவனுக்கு ஏகப்பட்ட பேர். குடும்ப விசேஷங்களில் அவளை யாருக்காவது அறிமுகப்படுத்த நேர்ந்தால், "தங்கச்சி, கவர்ன்மென்ட் சைடுல இருக்கா" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் பேச்சை மாற்றுவான். அண்ணி ஒரு படி மேலே. நாத்தனார் எழுந்து போன நாற்காலியைத் துடைக்காமல் அடுத்தவரை உட்கார விடமாட்டாள்.

ஆந்தையை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, புறப்படும் நேரத்தையும் இடத்தையும் பதிவேட்டில் எழுதினாள். சொல்லாமல் வரச் சொன்னான் என்பதற்காகவே தெளிவாக, கொட்டை எழுத்தில் எழுதினாள். நீளப் பெட்டி, சக்கரப் பலகை, சுருக்குக் கம்பு, ஈரத்துணி, ஒட்டு டேப். வண்டி ஓட்டுகிறவர் எல்லாவற்றையும் ஏற்றினார். பதினைந்து வருடமாக விலங்கு வண்டி ஓட்டுகிற அந்த மனிதர் இதுவரை பின்கதவை ஒரு முறைகூடத் திறந்ததில்லை. முன்சீட்டுச் சம்பளம் முன்சீட்டுக்கு மட்டும் என்பது அவர் கட்சி.

"இன்னிக்கு என்ன மேடம்?"

"முதலை."

"யாரு வீட்ல?"

"எங்க அண்ணன்கிட்ட."

அவர் கண்ணாடியில் அவளை ஒரு தடவை பார்த்தார். வண்டியைக் கிளப்பினார்.

கிளினிக் இரண்டாவது மாடியில் இருந்தது. பின்பக்கம் ஒரு சுருள் இரும்புப் படி. மேலே அண்ணன் வெள்ளைக் கோட்டோடு காத்திருந்தான். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. ஆள்காட்டி விரல் பக்கம் துணி சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளே ஏதோ இளகிவிட்டது. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"போனேன். நரம்பு போயிருக்குமோன்னு சந்தேகப்படுறாங்க. முதல்ல இதை எடு. வெளில இன்னும் பேஷன்ட் இருக்காங்க."

"பேஷன்ட் இருக்காங்களா? இந்தக் கையோடயா?"

"சும்மா செக்கப்தான்."

பழைய எக்ஸ்ரே அறையை அவன் திறந்துவிட்டான். ஜன்னலே இல்லாத அறை. நாற்றம் முகத்தில் அறைந்தது. தரையில் குழந்தைகள் விளையாடும் நீலப் பிளாஸ்டிக் நீச்சல் தொட்டி, அதில் கணுக்கால் அளவு கலங்கல் தண்ணீர். தொட்டிக்கு வெளியே, சுவரோடு சுவராக அது கிடந்தது. நாலடி இருக்கும். அமெரிக்கக் கண்டத்து வகை, கெய்மன் என்பார்கள். வால் நுனி கொக்கி மாதிரி மடங்கியிருந்தது. நடுமுதுகில் ஒரு கூன். வெயிலே படாமல், எலும்பில்லாத கறியை மட்டும் தின்று வளர்ந்தால் முதலைக்கும் எலும்பு மெழுகாகிவிடும்.

"வாங்கும்போது இத்தனூண்டுதான் இருந்துச்சு," என்று அண்ணன் இடது கையால் அளவு காட்டினான். "வளராத ஜாதின்னு சொன்னான். ஹால்ல கண்ணாடித் தொட்டியில வெச்சிருந்தேன். அழாம வாயைத் திறந்தா முதலை பாக்கலாம்னு சொன்னா போதும், பசங்க அப்படியே ஆ காட்டுவாங்க. எவ்வளவு ஹெல்ப்பா இருந்துச்சு தெரியுமா?"

அவள் ஈரத்துணியை அதன் கண்மேல் போட்டாள். இருட்டியதும் அது அடங்கியது. பின்னாலிருந்து மெல்ல அதன்மேல் உட்கார்ந்து, கழுத்தை அழுத்தி, தாடையைக் கையால் மூடினாள். முதலைக்குக் கடிக்கிற பலம்தான் அதிகம். வாயைத் திறக்கிற பலம் ஒன்றும் கிடையாது. டேப்பைச் சுற்றுவதற்கு முன் காயம் ஏதாவது இருக்கிறதா என்று வழக்கம்போல உதட்டோரம் பார்த்தாள். பார்த்தவளின் கை அப்படியே நின்றது.

பற்கள் பாதிக்குப் பாதி மொட்டையாக இருந்தன. உடைந்த பல்லுக்கு ஓரம் பிசிறாக இருக்கும். இவை மட்டம் பார்த்து, வழுவழுவென்று, அழகாக ராவப்பட்டிருந்தன. ரொம்ப நேர்த்தியான வேலை. இரண்டு மூன்று பல்லில் நடுக்குழி திறந்து கறுத்துப்போயிருந்தது.

"என்னண்ணா இது?"

"சேஃப்டிக்கு. குழந்தைங்க வர்ற இடம் பாரு."

"குழந்தைங்களுக்குப் போடுற மெஷின்லயா?"

"சேச்சே. முனை வேற மாத்தித்தான் போடுவேன்."

அதை ஒரு நியாயமாகவே அவன் சொன்னான்.

"மரத்துப்போற ஊசியாவது போட்டியா?"

"இதுக்கு எவ்வளவு போடணும்னு எனக்கு எப்படித் தெரியும்? தப்பா போட்டுச் செத்துப்போச்சுன்னா? பெல்ட்டு போட்டுக் கட்டிட்டுத்தான் பண்ணுவேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை. சனியன், திரும்பத் திரும்ப முளைக்குது."

"முதலைக்கு அப்படித்தான் முளைக்கும்."

"இந்தத் தடவை லீவு சீசன். ஒரே கூட்டம். தேதி தள்ளிப்போயிடுச்சு," என்று கட்டுப்போட்ட கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

சற்றுமுன் இளகியது அவளுக்குள் சுத்தமாக உறைந்துபோனது. முப்பத்திரண்டு பல்லுக்கும் முப்பத்திரண்டு பாடம் படித்தவன். ஒரு பல்லின் நடுக்குழியைத் தொட்டால் எப்படி வலிக்கும் என்று அந்தக் கட்டடத்திலேயே தெரிந்த ஒரே ஆள். நகைக்கடைக்காரருக்காவது தெரியாது என்ற சாக்கு இருந்தது. இவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

டேப்பைச் சுற்றி, கால்களைக் கட்டி, பெட்டிக்குள் இறக்கி மூடினாள்.

"காலிப் பெட்டியை நிமிர்த்தித் தூக்கிட்டு வந்துட்டேன். முதலையோட சுருள் படியில திரும்பாது," என்றாள். "முன்பக்கமாத்தான் போகணும்."

"என்ன விளையாடுறியா? சாக்குல போட்டுத் தோள்ல தூக்கிட்டுப் போயேன்."

சாக்கில் போட்டுத் தூக்கியிருக்கலாம்தான். இதைவிடப் பெரியதை இதைவிடக் குறுகலான படியில் இறக்கியிருக்கிறாள். "முதுகெலும்பு உடைஞ்சிடும்," என்றாள். அதுவும் உண்மைதான். ஆனால் முன்வாசலைத் தேர்ந்தெடுத்தது அதற்காக மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

பெட்டியைச் சக்கரப் பலகையில் வைத்துத் தள்ளினாள். ஹாலில் ஏழெட்டுப் பெற்றோர்கள், பிள்ளைகள். சுவரில் ஒட்டகச்சிவிங்கி பல் துலக்கிக்கொண்டிருந்தது. சிங்கம் வாய் கொப்பளித்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு உறுமல் வந்ததும் பேச்சு நின்றது.

ஐந்து வயது இருக்கும் ஒரு சிறுமி ஓடி வந்தாள். "ஆன்ட்டி, உள்ள என்ன?"

"முதலை."

"கடிக்குமா?"

"கடிக்கும். கடிக்கக் கூடாதுன்னுதான் பல்லை ராவி வெச்சிருக்காங்க."

"வலிக்காதா?"

"ரொம்ப வலிக்கும்."

"யாரு ராவுனாங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். உள்ளறை வாசலில் அண்ணன் வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தான். கண்ணாலேயே கும்பிட்டான். அண்ணனைக் காட்டிக்கொடுக்க அவள் வாய் ஒரு விநாடி தயங்கியது. அந்த விநாடியில் பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

"டாக்டர்தான், பாப்பா," என்றாள் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த பெண். மூன்று வருடமாகக் கதவு இடுக்கு வழியாக அதற்குக் கறி போட்டவள். "நான்தான் பெல்ட்டைப் பிடிச்சுக்குவேன். அது அழும்." சொல்லிவிட்டு, டோக்கன் நோட்டை மூடி மேஜைக்குள் வைத்தாள்.

சிறுமியின் அம்மா எழுந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினாள். ஒருவர் கிளம்பினால் போதாதா? லிஃப்டில் பெட்டிக்கு இடம் கிடைக்கச் சற்று நேரம் ஆயிற்று.

அன்று மாலையே அம்மா போனில் வந்துவிட்டாள்.

"ஒரு பல்லிக்காக அண்ணன் பேரைக் கெடுப்பியாடி?"

"பல்லி இல்லம்மா. முதலை."

"எதுவா இருந்தா என்ன? ரிப்போர்ட்ல அவன் பேரைப் போடாத. கை போய் உக்காந்திருக்கான் பாவம். எங்கயோ சாக்கடையில கிடைச்சுதுன்னு எழுதிடு."

"எக்ஸ்ரே எடுத்தாச்சும்மா. முதுகெலும்புல நாலு இடத்துல விரிசல். சாக்கடையில கிடந்திருந்தா இதைவிட நல்லா இருந்திருக்கும்."

அம்மா போனை வைத்துவிட்டாள். அவள் ரிப்போர்ட்டில் பேர், தொழில், முகவரி எல்லாவற்றையும் எழுதினாள். பற்களின் படத்தையும் சேர்த்தாள்.

அபராதம் விதித்தார்கள். கிளினிக் இரண்டு மாதம் மூடிக்கிடந்தது. விலங்கை முறைப்படி ஒப்படைத்ததாகக் கையெழுத்துப் போட அண்ணன் ஒருநாள் மையத்துக்கு வர வேண்டியிருந்தது. தங்கை வேலை செய்யும் இடத்தில் அவன் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அண்ணி காரைவிட்டு இறங்கவில்லை, கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. அவனுக்குப் பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை. குமாஸ்தா மைப்பெட்டியை நகர்த்தினார். இத்தனை பட்டம் வாங்கிய டாக்டர் கைநாட்டு வைத்துவிட்டு, கட்டைவிரலைத் துடைக்கக் காகிதம் தேடினான்.

"அது எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "முதுகு நிமிராது. நடக்குது, தின்னுது. வெயில்ல கிடக்குது."

"பாக்கலாமா?"

ஒரு கணம் நம்பிவிட்டாள். இந்த மனிதனுக்கும் எங்கோ உறைத்திருக்கிறது போல என்று நினைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு நடந்தும்விட்டாள். திரும்பிப் பார்த்தால், அவன் இடது கையால் தலைமுடியைச் சரிசெய்துவிட்டு, போனை அவளிடம் நீட்டினான்.

"நான் தண்ணில விடுற மாதிரி ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடு. பேர் கெட்டுக் கிடக்கு இல்ல, கொஞ்சம் உதவும்."

அவள் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். "வெளில போற வழி அந்தப் பக்கம்," என்றாள்.

அவனுக்கு மானம், ரோஷம் எதுவும் இடிக்கவில்லை. கேட் காவலாளியைப் பிடித்து, மையத்தின் பெயர்ப்பலகை முன்னால் கட்டுப்போட்ட கை தெரியும்படி நின்று படம் எடுத்துக்கொண்டான். மறுநாள் அம்மா அதை அவளுக்கு அனுப்பிவைத்தாள். கள்ளச் சந்தையில் சிக்கிய உயிரை ஒரு டாக்டர் தன் விரலைக் கொடுத்து மீட்டதாகக் கீழே எழுதியிருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இதயம் போட்டிருந்தார்கள். 'அண்ணனோட மனசைப் பாரு' என்று அம்மா தன் பங்குக்குச் சேர்த்திருந்தாள்.

அவள் இரண்டு தடவை படித்தாள். வெளியே வண்டி ஹாரன் அடித்தது. யாரோ ஒருவர் குளியல் தொட்டியில் ஆமை வைத்திருக்கிறாராம், தொட்டி போதவில்லையாம். கையுறையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.