பத்தொன்பது நிமிடம்

“மூச்சு விடாதீங்கக்கா, கம்பி பறந்துடும்,” என்றான் நிஜாம்.

மலர்விழி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பூதக்கண்ணாடி விளக்கின் கீழே அப்பாவின் பென்டிரைவ் தோலுரிந்து கிடந்தது. கணினியில் சொருகும் தகரமுனை வேரோடு பிய்ந்துவிட்டது. அது இருந்த இடத்தில் இழை இழையாக நான்கு கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான் நிஜாம். ராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் மலேசியாவுக்கு வந்து, கிள்ளான் கடைத்தெருவில் கைப்பேசி பழுதுபார்க்கிறவன். மணி பன்னிரண்டரை. மூன்று மணிக்கு அப்பாவைத் தூக்குகிறார்கள்.

“உள்ள இருக்க மெமரி சிப்பு உடையல. உடைஞ்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. இது அப்பா வாய்ஸாக்கா?”

“ஆமா தம்பி. அவரு சாவுக்கு அவரே பாடி வச்சது.”

நிஜாம் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

அப்பா பக்கிரிசாமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆனால் கிள்ளானில் யாருக்கும் அவரைக் கிரேன்காரராகத் தெரியாது. சாவு வீடென்றால் பக்கிரிசாமிதான். கேரித் தீவு எஸ்டேட் வரை மோட்டார் சைக்கிளில் போய், தலைமாட்டில் நின்று, மைக் இல்லாமல் பதிகம் பாடுவார். அழுகிறவர்களைப் பார்த்து, “என்னாத்துக்குப் பயப்படுறீங்க? எல்லாரும் போற எடம்தானே?” என்பார். ஒரு காப்பியைக் குடித்துவிட்டு வண்டியை எடுப்பார்.

தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றும் அவர் கிண்டலை விடவில்லை. “ஊருக்கெல்லாம் பாடுனேன். எனக்கு எவன் பாடுறது? நானே பாடி வச்சிட்டுப் போறேன் லா.” ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் மலர்விழியின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். சிவப்புப் பொத்தானை அமுக்கக் கற்றுக்கொடுத்திருந்தாள். பதிந்ததை அழிக்க அவருக்குத் தெரியாது.

அம்மா நல்லம்மாள்தான் குறுக்கே நின்றாள். “உசுரோட இருக்கற மனுசனோட சாவுப் பாட்டு வீட்டுக்குள்ள வேணாம். போன்லயும் வேணாம். யாரும் கேக்கவும் கூடாது.” நல்ல நாளில் அந்தப் பாட்டு வீட்டில் ஒலித்தால் எமனைக் கூப்பிட்ட மாதிரி. அது யாருக்குத் தெரியாது? மலர்விழி அதைப் பென்டிரைவில் ஏற்றினாள், கைப்பேசியில் அழித்தாள், காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டாள். ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இன்னொரு பிரதியும் எடுத்து வைக்கவில்லை. பெட்டாலிங் ஜெயா ஆபீஸில் நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்காருகிறவள் செய்கிற காரியமா இது?

அதற்குப் பிறகு மூன்று வருடம் அப்பா எழுதித்தான் பேசினார். பார்க்க வந்தவர்கள், “அண்ணே, பாட்டு ரெடியா?” என்று கேட்டால் சத்தமில்லாமல் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்துவார்.

நேற்று சாயங்காலம் உயிர் போனது. இன்று காலை கூடாரக்காரர்கள் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்ததும் மலர்விழி பென்டிரைவைச் சொருகி வைத்தாள். கரண்டு இழுப்பதற்குள் மாலை வாங்கி வந்துவிடலாம் என்று போனாள். வந்து பார்த்தால் அது முறிந்து தொங்குகிறது. பக்கத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அம்மாவின் தம்பி சின்னையா மாமா. நடந்தால் நாலு பொருளை இடிக்கிற மனிதர். ஆளாளுக்கு அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

“நான் இடிச்ச மாதிரியே தெரியலையே,” என்று மாமா அழுதேவிட்டார்.

“அவன விடுங்க. போனது போச்சு. கடையில விக்கிற பாட்டு எதையாச்சும் போடுங்க,” என்றாள் அம்மா.

மலர்விழிக்கு மனம் கேட்கவில்லை. தனக்கென்று அப்பா ஆசைப்பட்டது இது ஒன்றுதான். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“வந்துருச்சுக்கா!” என்றான் நிஜாம். திரையில் ஒரே ஒரு கோப்பு. பத்தொன்பது நிமிடம். “ஓடுதான்னு பாத்துரவா?”

“பாரு.”

முதலில் மின்விசிறிச் சத்தம். கட்டில் கிறீச்சிட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பா முதல் வரியை எடுத்தார். அதே கணீர்க் குரல். மூன்று வருடமாகக் கேட்காத குரல்.

இரண்டாவது வரியில் குரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து எடுத்தார். மறுபடி அதே இடத்தில் நின்றது. மூன்றாவது தடவை பாட்டு வரவில்லை. மூச்சுதான் வந்தது.

“முடியலையே... நல்லம்மா, எனக்குப் பயமா இருக்குடி. சாகப் பயமா இருக்குடி.”

நிஜாம் சத்தத்தைக் குறைத்துவிட்டு, எழுந்து வாசல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டான்.

மலர்விழி முழுதும் கேட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். இடையில் நீண்ட நேரம் ஒன்றுமில்லை. கடைசி நிமிடத்தில் மூக்கை உறிஞ்சிவிட்டு, உற்சாகமாக ஒரு குரல்: “மலரு! முடிஞ்சிருச்சும்மா, வந்து எடுத்துக்க!”

அந்தக் குரல் அவளுக்கு நினைவிருந்தது. ஓடிப்போய்க் கைப்பேசியை வாங்கியதும், “எப்படி வந்துச்சுப்பா?” என்று கேட்டதும், “சும்மா கணீர்னு!” என்று அவர் சிரித்ததும் நினைவிருந்தது. கண் சிவந்திருந்ததை மட்டும் அன்றைக்குக் கவனிக்கவில்லை. பாவி, எப்படிக் கவனிக்காமல் போனாள்?

“வேற பென்டிரைவ்ல ஏத்தித் தரவாக்கா?”

“வேணாம் தம்பி. உன் கம்ப்யூட்டர்லயும் ஒண்ணும் இருக்க வேணாம். இதக் கழட்டிக் குடு.”

வீட்டில் எல்லா முகங்களும் அவளையே பார்த்தன.

“முடியாதுன்னுட்டான்,” என்றாள். “உள்ளயே போயிருச்சாம். மாமா, உங்க தப்பில்ல. வெயில்ல மூணு வருசம் கெடந்த சாமான்.”

சின்னையா மாமா நிமிரவில்லை. யாரோ கடைப் பாட்டைப் போட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் இரைச்சலில்லாமல், பிசிறில்லாமல் பாடினார்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். மலர்விழி குனிந்து அரிசியைப் போட்டாள். போடுகிற சாக்கில் மற்றக் கையிலிருந்த பென்டிரைவை அவர் சட்டைப்பைக்குள் நழுவவிட்டாள்.

அம்மா அவளை ஒட்டி நின்றாள்.

“கேட்டியா?” குரல் காதுக்கு மட்டும் கேட்டது.

மலர்விழி தலையசைத்தாள்.

“முழுசுமா?”

“ம்.”

“அன்னைக்கு நான் கதவுக்கு வெளியதான் நின்னேன். என் பேரச் சொன்னாரு. உள்ள போகல.” அம்மா அரிசியைக் கைக்குள் வைத்துக்கொண்டே இருந்தாள். “சின்னையா இடிக்கல. நான்தான் முறிச்சேன்.”

“மாமாகிட்ட...”

“சொல்றேன். அவரு போகட்டும்.”

பெட்டியை மூட ஆட்கள் வந்து நின்றார்கள். அம்மா அரிசியைப் போட்டாள். சட்டைப்பைக்கு வெளியே ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் உள்ளே தள்ளி, பையின் பொத்தானைப் போட்டுவிட்டாள்.