பசிக்காத மீன்

ஒடுகத்தூருக்கு முதல் பஸ் மலையிறங்கிப் போன சத்தம் அடங்கியபோது வடிவு கிணற்று மூடியின்மேல் குப்புறப் படுத்திருந்தாள். சிமெண்டு இன்னும் சூடேறவில்லை. மூடியின் நடுவில் ஒரு குடம் இறங்கும் அளவுக்கு ஓட்டை. அதற்குள் அவள் வலது கை தோள்வரை போயிருந்தது. ஆட்காட்டி விரலில் தூண்டில் நரம்பு. அடியில் முள், முள்ளில் மண்புழு.

கன்றுக்குட்டி விழுந்து செத்த வருஷம் பஞ்சாயத்தில் போட்ட மூடி அது. வலை விரிக்க வழியில்லை. ஆள் இறங்கவும் வழியில்லை. ஊருக்கு இருப்பது இந்த ஒரு கிணறு.

மீனை விட்டவள் வடிவுதான். போன மழையில் மகளுக்குக் காய்ச்சல். கொசுவால் வந்தது என்றார்கள். கொசுப்புழு தின்னும் மீன் உண்டு என்று கேள்விப்பட்டு ஒடுகத்தூர் சந்தைக்குப் போனாள். எந்தக் குஞ்சும் புழு தின்னும் என்று மீன்காரர் ஜிலேபி மீன் குஞ்சுகளைத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தார். அவர் சொன்னது பொய்யில்லை. தின்றன. கொசு குறைந்தது. மீன்கள் பெருத்தன. பங்குனியில் நீர் இறங்க, குடத்தில் கவுச்சி வாடை ஏறியது.

வெள்ளிக்கிழமை அம்மனுக்குச் சாமைப் பொங்கல். இந்தக் கிணற்று நீரில்தான் வைக்க வேண்டும். கவுச்சித் தண்ணீரில் உலை ஏற்ற மாட்டேன் என்று பூசாரி சொல்லிவிட்டார். ஊர் கூடியது. மூடியை உடைத்து, இன்ஜின் போட்டு இறைத்துவிடலாம் என்றார்கள். இறைத்தால் பொங்கல் பானைக்கு நீர் ஊறும். ஊருக்கு ஊறாது. மழை வரும்வரை பெண்கள் பள்ளத்து ஊற்றுக்கு இறங்கி ஏற வேண்டும்.

வடிவு எழுந்து நின்றாள்.

"நான் வுட்டத நானே எடுக்கறேன். ஒன்னுகூட இல்லாம எடுக்கறேன். கிணத்த எறைக்காதீங்க."

ஒன்றுகூட இல்லாவிட்டால் மஞ்சள் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்ளலாம் என்றார் பூசாரி. ஊர்க்கவுண்டர் புதன்கிழமை பொழுது சாயும்வரை தவணை கொடுத்தார்.

இன்று புதன்.

முதலில் கஷ்டமே இல்லை. பசித்த மீனுக்கு வித்தை வேண்டாம். புழு இறங்கும்போதே கவ்வின. கவுச்சி என்று மூக்கைப் பொத்தியவர்கள் வீட்டிலும் குழம்பு கொதித்தது. நேற்று மதியத்துக்குமேல் நரம்பு அசையவில்லை.

குப்பன் வேப்பங்குச்சியை மென்றுகொண்டு வந்து பக்கத்தில் குந்தினான். அவள் கணவன் தீர்த்தகிரியின் சித்தப்பா மகன். ஊரில் இருக்கும் இன்ஜின் அவனுடையது.

"இன்னா அண்ணி, கிணத்தாண்ட ரகசியம் பேசினு கீறீங்களா?"

"ஒன்னு மிச்சம் கீது."

"ஒன்னுதான்னு எப்டித் தெரியும்?"

"உச்சி வெயில் உள்ள எறங்கும். அப்ப வந்து பாரு."

"அதுவரைக்கும் இப்டியே படுத்துனு கெடப்பீங்களா? இவ்ளோ பொறுமன்னு பொண்ணு பாக்கப் போனப்ப யாரும் சொல்லலியே."

"உங்கண்ணங்கூட இத்தன வருசம் குப்ப கொட்டினு கீறேன். இன்னும் யாராச்சும் சொல்லணுமா?"

குப்பன் சிரித்துவிட்டுப் போனான். உச்சியில் திரும்பி வந்தான். ஓட்டை வழியாக வெயில் தூணாக இறங்கி அடிமண்ணில் நின்றது. உடைந்து கிடந்த பழைய குழாயின் ஓரம் உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன். கறுத்தது. தாடை உப்பியிருந்தது. அது இடத்தைவிட்டு நகரவில்லை. சில சமயம் அதைச் சுற்றித் தூசி கிளம்பியதுபோல் நீர் மங்கியது. அடுத்த கணம் தெளிந்தது. மண்புழு அதன் மூக்குக்கு நேராக இறங்கியது. மீன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கேழ்வரகு மாவை உருட்டிப் போட்டாள். அதையும் பார்க்கவில்லை.

"அம்மனுக்கு வேண்டினு வெரதம் இருக்குது போல," என்றான் குப்பன். "சாயங்காலம் இன்ஜின இழுத்தாரேன். மனசுல ஒன்னும் வெச்சிக்காதீங்க அண்ணி."

"வெச்சிக்க எடமில்ல. போய்ட்டு வாங்க கொழுந்தனாரே."

அவன் போனபின் அவளுக்குத் தும்மல் வந்தது. கை உதறியது. அடியில் கிடந்த புழு ஒரு சாண் எழும்பி விழுந்தது. மீன் பாய்ந்து வந்து அதை முட்டியது. தின்னவில்லை. முட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியது.

வடிவு மூச்சை அடக்கிக்கொண்டு வேண்டுமென்றே ஒருமுறை கையை உதறினாள். மறுபடியும் வந்தது. மறுபடியும் முட்டியது.

அடைக்கோழிக்குக் கம்பைத் தூவினால் எழுந்திருக்காது. கையை நீட்டினால் கொத்தும். பசிக்கு வராதது கோபத்துக்கு வருகிறது. இத்தனை நேரம் சோறு போட்டுக் கொண்டிருந்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு ஓடினாள். மகள் சாப்பிட்டு மிஞ்சிய காய்ச்சல் மாத்திரை அட்டை அலமாரியில் இருந்தது. அதன் வெள்ளித்தாளைக் கிழித்தெடுத்து முள்ளின் தண்டில் சுற்றினாள். புழு வேண்டாம். நேராக இறங்க, முள்ளுக்கு மேல் ஒரு சைக்கிள் நட்டு. விரல் மரத்துப் போயிருந்ததால் அதை நம்பவில்லை. துடைப்பத்திலிருந்து நல்ல தென்னங்குச்சி ஒன்றை உருவி, அதன் மெல்லிய நுனியில் நரம்பைக் கட்டினாள். நட்டின் கனத்துக்கே குச்சி வளைந்து நின்றது.

வெயில் தூண் சுவரில் ஏறிவிட்டது. இனி கண் உதவாது. குச்சிதான் கண்.

அடிவரை விட்டாள். ஒரு சாண் தூக்கினாள். விட்டாள். நிறுத்தினாள். உயரத் தூக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு விரல் அளவு தூக்கி, நடுங்கவிட்டு, இறக்கி, நிறுத்தினால் அடியில் ஏதோ உரசியது. தூக்குவது சுலபம். நிறுத்துவதுதான் கஷ்டம். முழங்கை எரிந்தது. சிமெண்டு வயிற்றைச் சுட்டது. அவள் நகரவில்லை.

குச்சி இழுபடும் என்று காத்திருந்தாள். இழுபடவில்லை. ஒருமுறை வளைந்திருந்த குச்சி நிமிர்ந்தது. ஏன் என்று யோசிப்பதற்குள் மறுபடியும் வளைந்தது. கீழே இறங்கும் முள்ளை மீன் வாயில் ஏந்தி ஒரு கணம் தூக்கியிருக்கிறது. தூக்கித் துப்பியிருக்கிறது. இழுக்க வேண்டியது அந்த ஒரு கணத்தில்.

தூக்கினாள். இறக்கினாள். நிறுத்தினாள்.

பள்ளத்திலிருந்து டிராக்டர் ஏறும் சத்தம் கேட்டது. பின்னால் இன்ஜின் வரும். அவள் தலையைத் திருப்பவில்லை.

குச்சி நிமிர்ந்தது. மணிக்கட்டைச் சுண்டினாள்.

கனம். குச்சி முறிந்தது. நரம்பைக் கையில் சுற்றி, உள்ளங்கை அறுபட, விடாமல் இழுத்தாள். மீன் ஓட்டையின் விளிம்பில் அடித்துக்கொண்டு மேலே வந்தது. இடது கையை அடியில் கொடுத்து ஏந்தினாள். மீன் வாயைத் திறந்தது.

வாயிலிருந்து கொட்டியது. முதலில் மண் என்று நினைத்தாள். கேழ்வரகு மணி அளவுக்குக் குஞ்சுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கண்ணோடு. கொஞ்சம் அவள் கையில் நின்றது. கொஞ்சம் சிமெண்டில் துள்ளியது. மற்றதெல்லாம் ஓட்டை வழியாகக் கிணற்றுக்குள் விழுந்தது. எட்டிப் பார்த்தாள். நீரின்மேல் ஒரு சின்ன மேகம் கூடி, இல்லாத தாயின் வாயைத் தேடிச் சுற்றியது.

குப்பன் டிராக்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். அவன் கண்ணில் பட்டது மீன் மட்டும்தான்.

"அடேங்கப்பா! கெலிச்சிட்டீங்க அண்ணி! அவ்ளோதானா? முடிஞ்சிதா? கவுண்டராண்ட சொல்லிட்டு வந்துடட்டா?"

வடிவு மீனைச் சிமெண்டில் போட்டுவிட்டு இடது கையை மூடிக்கொண்டாள். உள்ளே குறுகுறுத்தது. ஒரு தரம் புடவையில் துடைத்தால் தீர்ந்தது. இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆடியில் மறுபடியும் குடம் நாறும்.

சூரியன் இன்னும் மரத்துக்கு மேலேதான் இருந்தது. கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டித் திறந்தாள். குப்பன் குனிந்து பார்த்தான்.

"முடியல," என்றாள் வடிவு. மறு கையால் கிணற்றோரம் கிடந்த மூங்கில் பிளாச்சை எடுத்து, ஓட்டைக்குள் நுழையும் அளவுக்கு வளையமாக வளைத்துப் பார்த்தாள். "உங்க வூட்ல கொசுவலை கீதா?"